தொங்கும் விளக்கு ஆடினால் அணு உலையும் ஆடுமா?

சென்ற இதழுக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நிலநடுக்கத்தைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இந்த முறை இதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன். பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று புதிய வாசகர்கள் கேட்கலாம். முப்பத்தோரு வருடம் அணுமின் நிலையங்களில் குழாய்களைத் தாங்கும் சட்டங்களையும், இயந்திரங்களைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் சரிபார்த்தவன் நான். அணுப்பிளவின் கணக்குகளுக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். தரை ஆடினால் உள்ளே எது நிற்கும், எது சாயும் என்று பார்ப்பது என் வேலை.

கேள்வி: நாங்கள் பதினான்கு மாடிக் கட்டடத்தில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறோம். ஒரு மாலை உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது தலை சுற்றுவதுபோல் இருந்தது. இரத்த அழுத்தம்தான் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் கூடத்தில் தொங்கும் விளக்கு ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆடுகிறது. மீன்தொட்டித் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. ஒரு நிமிடத்துக்கு மேலாகியும் ஆட்டம் நிற்கவில்லை. நிலநடுக்க மையம் 700 கிலோமீட்டருக்கு அப்பால் என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். எங்கள் வீட்டிலிருந்து 35 கிலோமீட்டரில் அணுமின் நிலையம் இருக்கிறது. எங்கள் வீட்டையே இப்படி ஆட்டிய அதிர்வு அந்த உலையை என்ன செய்திருக்கும்? கீழ்த்தளத்தில் இருப்பவரோ, எதுவுமே தெரியவில்லை என்கிறார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை ஐயா.

பதில்: அம்மா, கீழ்த்தளத்துக்காரர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு வந்தது பிரமை இல்லை, அவரும் உள்ளதைத்தான் சொல்கிறார். ஒரே தரை, ஒரே கட்டடம், ஒரே நேரம். அப்படியும் உங்கள் மீன்தொட்டி வழிந்தது, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்கள் கேள்விக்கான விடை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

நிலநடுக்கத்தில் படபடவென்ற வேகமான அதிர்வுகளும் உண்டு, நிதானமான அலைகளும் உண்டு. வினாடிக்கு ஐந்து, பத்து முறை துடிக்கும் அதிர்வுகளை வழியிலுள்ள பாறை சீக்கிரமே விழுங்கிவிடும். ஒருமுறை போய்வரச் சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும் மெதுவான அலைகள்தான் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும். பக்கத்து வீட்டில் சத்தமாகப் பாட்டு வைத்தால், சுவரைத் தாண்டி நமக்குக் கேட்பது ‘தும் தும்’ என்ற அடித்தாளம் மட்டும்தானே? பாட்டின் சொற்கள் சுவரிலேயே நின்றுவிடும்.

சரி, அந்த மெதுவான அலைக்கு எது ஆடும்? ஒவ்வொரு கட்டடத்துக்கும் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறோம். மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால், கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்ப எத்தனை வினாடி ஆகும் என்று தோராயமாகத் தெரியும். உங்கள் கட்டடத்துக்கு ஒன்றரை வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. வந்த அலையின் தாளமும் அதற்குப் பக்கத்தில் இருந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் லேசாக லேசாகத் தள்ளுவதுபோல் ஆகிவிடும். தள்ளுவது சின்னக் கைதான், ஆனால் வீச்சு ஏறிக்கொண்டே போகும். மேல் மாடியில் அதிகம் தெரியும், கீழே தெரியாது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் வந்த நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 770 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒசாகாவில் 256 மீட்டர் உயரமுள்ள அரசு அலுவலகக் கட்டடம் பத்து நிமிடம் போல ஆடியது. அந்த ஊரில் தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் பலர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அணு உலைக் கட்டடம் இதற்கு நேரெதிர். குட்டையானது, பருமனானது. ஒரு மீட்டர் அளவுக்குத் தடித்த கான்கிரீட் சுவர்கள், முடிந்த இடங்களிலெல்லாம் பாறைமேல் அடித்தளம். அதன் சொந்தத் தாளம் வினாடிக்குப் பல முறை. தூரத்திலிருந்து வரும் மெதுவான அலை அதைத் தரையோடு சேர்த்து அலுங்காமல் தூக்கி இறக்கும், அவ்வளவுதான். பெரிய படகின் தட்டில் கிடக்கும் கருங்கல்லைப் போல. அம்மா, உலை உங்கள் பதினோராவது மாடியில் இல்லை, அந்தக் கீழ்த்தளத்துக்காரரோடு இருக்கிறது.

ஆனால் ‘தூரம் என்றால் பயமே இல்லை’ என்று எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம் இடிந்தபோது நிலநடுக்க மையம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கரையில் இருந்தது. நகரத்தின் நடுப்பகுதி பழைய ஏரிப் படுகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சேறு ஒருமுறை ஆடித் திரும்ப இரண்டு வினாடி போல எடுத்துக்கொள்ளும். அந்தத் தாளத்துக்கு அருகில் இருந்த நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன, அவற்றுக்கு நடுவில் இருந்த பழைய குட்டைக் கட்டடங்கள் பல தப்பின. 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் பூமி பிளந்தபோதும் இப்படித்தான். ஆயிரம் கிலோமீட்டர் போலத் தள்ளியிருக்கும் பாங்காக்கில், களிமண் தரைமேல், கட்டி முடியாத ஓர் உயரமான கட்டடம் அப்படியே அமர்ந்துவிட்டது. அதனால் உங்கள் அருகிலுள்ள நிலையத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், அது எதன்மேல் நிற்கிறது என்பது. பாறையா, மணலா, களிமண்ணா?

இன்னொன்றும் இருக்கிறது. அணுமின் நிலையத்துக்குள் மெதுவான அலைக்கு ஆடக்கூடிய பொருள் தண்ணீர். பயன்படுத்திய எரிபொருளை ஆழமான குளத்தில் மூழ்கடித்து வைத்திருப்பார்கள். உங்கள் மீன்தொட்டி வழிந்ததே, அதே காரணத்தால் அந்தக் குளமும் விளிம்பில் அலை அடிக்கும். அதனால்தான் நிலநடுக்கத்தை உணர்ந்ததும் அந்தக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்ப்பது வழக்கம். எரிபொருளுக்கு மேல் பல மீட்டர் தண்ணீர் நிற்பதால் கொஞ்சம் தளும்பிப் போவதால் ஆபத்து வந்துவிடாது. ஆனாலும் தளும்பிய தண்ணீர் எங்கே போகிறது என்பது முக்கியம். 2007-ல் ஜப்பானின் காஷிவசாகி-கரிவா நிலையத்தில், பக்கத்திலேயே வந்த நிலநடுக்கத்தால் ஆறாவது உலையின் குளம் தளும்பியது. அந்தத் தண்ணீர் மின்கம்பிகள் போகும் துளைகள் வழியாகக் கீழே இறங்கி, கடைசியில் கடலில் கலந்தது. கதிரியக்கம் மிகக் குறைவுதான். ஆனால் ஒரு கம்பித்துளையை யாரும் யோசிக்கவில்லை என்பது என் போன்றவர்கள் மறக்கக் கூடாத விஷயம்.

கேள்வி: எங்கள் அருகிலுள்ள நிலையம் ‘ரிக்டர் அளவில் 7 வரை தாங்கும்’ என்று ஒருவர் பேசினார். 7.5 வந்தால்?

பதில்: அந்தக் கணக்கே சரியில்லை. ரிக்டர் என்று நாம் சொல்லும் எண், பூமிக்கடியில் எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டது என்பதைச் சொல்கிறது. விளக்கின் வாட் எண் மாதிரி. உங்கள் புத்தகத்தின்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது விளக்கு எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. நிலையங்களை வடிவமைப்பது அந்த இடத்துத் தரை எவ்வளவு வேகமாக உதறும் என்ற கணக்கில். புவியீர்ப்பு முடுக்கத்தில் அது எத்தனை பங்கு என்று சொல்வார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் வர்ஜீனியா. 2011 ஆகஸ்ட் 23, பகல் இரண்டு மணி ஆகப் போகிறது. வந்தது 5.8 தான், உலக அளவில் பெரிய நிலநடுக்கமே இல்லை. ஆனால் நார்த் அன்னா அணுமின் நிலையம் மையத்திலிருந்து 18 கிலோமீட்டர் போலத்தான். பாறைமேல் நிற்கும் பகுதிகளுக்கு வைத்திருந்த வடிவமைப்பு அளவு புவியீர்ப்பில் 0.12 பங்கு, அன்று தரை உதறியது அதைப்போல இரண்டு மடங்கு. இரண்டு உலைகளும் தானாகவே நின்றன. வெளியிலிருந்து வரும் மின்சாரம் போயிற்று. நான்கு டீசல் ஜெனரேட்டர்கள் உடனே ஓடின, அவற்றில் ஒன்று ஒரு மணி நேரத்துக்குள் குளிர்நீர் கசிந்து நின்றுவிட்டது. ஒரு கேஸ்கெட்டைச் சரியாகப் பொருத்தாததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். கூடுதலாக வைத்திருந்த இன்னொரு ஜெனரேட்டர் கைகொடுத்தது.

வெளியே கான்கிரீட் மேடையில் பயன்படுத்திய எரிபொருளை அடைத்த எஃகுப் பீப்பாய்கள் நின்றன. ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேல். 27 பீப்பாய்களில் 25 தம் இடத்திலிருந்து நகர்ந்திருந்தன. சில ஓர் அங்குலம், சில நாலரை அங்குலம் வரை. மேடையில் அவை முன்பு நின்ற இடத்தின் வட்டமான தடம் பிறை வடிவில் வெளியே தெரிந்தது. எதுவும் சாயவில்லை, கசியவில்லை. முழுச் சோதனைக்குப் பிறகு அந்த நவம்பரில்தான் உலைகளை மறுபடி ஓட்ட அனுமதி கிடைத்தது.

அதே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர்களில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அவர்கள் பக்கத்திலிருந்த நிலையங்களும் எச்சரிக்கை அறிவித்துவிட்டுச் சோதித்துப் பார்த்தன. அங்கே ஒன்றும் ஆகவில்லை. அதனால் செய்தியில் எண்ணைக் கேட்டதும் கூடவே தூரத்தையும் ஆழத்தையும் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஃபுகுஷிமா? அதுவும் தூரத்து நிலநடுக்கம்தானே?

பதில்: ஏறத்தாழ 180 கிலோமீட்டர். வலிமை 9. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் பயப்பட வேண்டியது எதற்கு என்பது இதில்தான் தெரியும்.

ஒசாகா கட்டடத்தை ஆட்டிய அதே 2011 மார்ச் 11 நிலநடுக்கம்தான். பிற்பகல் 2.46-க்குத் தரை ஆடத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளிலும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் சில வினாடிகளில் உள்ளே பாய்ந்தன, அணுப்பிளவு நின்றது. சில உலைகளில் அதிர்வு வடிவமைப்பு அளவைச் சற்றே தாண்டியிருந்தது. வெளி மின்சாரம் அறுந்ததும் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. அதுவரை எல்லாம் எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தபடிதான் நடந்தது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உலையை அணைப்பது விளக்கை அணைப்பது மாதிரி இல்லை. அடுப்பை அணைத்த பிறகும் தணல் கனன்றுகொண்டிருக்குமே, அது மாதிரி எரிபொருள் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 3,000 மெகாவாட் வெப்பம் தரும் ஓர் உலை நின்ற கணத்தில் அதில் ஆறு, ஏழு சதவீதம் மிச்சமிருக்கும், அதாவது 200 மெகாவாட். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் ஒரு லட்சம் ஒன்றாகக் கொதிப்பதுபோல. ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவில் இருக்கும். அதை ஓயாமல் வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும், சூட்டைக் கொண்டு போய்க் கொட்ட ஒரு கடலோ ஆறோ வேண்டும்.

ஐம்பது நிமிடம் போல ஆகியிருக்கும், கடல் வந்தது. முக்கியக் கட்டடங்கள் நின்ற தரை கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரம், அலை 14, 15 மீட்டர். ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவையும் மின் பலகைகளும் கீழ்த்தளங்களில் இருந்தன. அவை மூழ்கின. கரையோரப் பம்புகளும் போயின. சூட்டை வெளியே எடுக்க வழியில்லாமல், ஓடிக்கொண்டிருந்த அந்த மூன்று உலைகளும் உருகின. ஆறாவது உலைக்கு மட்டும் காற்றில் குளிரும் ஒரு ஜெனரேட்டர் உயரமான இடத்தில் இருந்தது. அந்த ஒன்றே ஒன்று ஐந்தாவது, ஆறாவது உலைகள் இரண்டையும் காப்பாற்றியது.

நடத்திய நிறுவனமான டெப்கோவே 2008-ல் போட்டுப் பார்த்த கணக்கில் அலை 15.7 மீட்டர் வரை வரக்கூடும் என்று வந்திருந்தது. அதன்படி எதையும் மாற்றவில்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை. மேசைமேல் இருந்த ஒரு காகிதம் அது.

அதே கரையில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில், ஓனகாவா என்ற நிலையம் இருக்கிறது. அலை அங்கும் ஏறத்தாழ 13 மீட்டர் வந்தது, தரையும் ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆனால் நிலையம் 14.8 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர், பழங்காலப் பேரலைகளை எடுத்துச் சொல்லி, உயரம் வேண்டும் என்று கட்டும் காலத்திலேயே விடாப்பிடியாக நின்றார். மூன்று உலைகளும் பத்திரமாக நின்றன. வீடிழந்த ஊர்மக்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அந்த அணுமின் நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில்தான் தங்கினார்கள்.

நமக்குத் தெரிந்த கதை ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தின் வலிமை 9.1. கல்பாக்கம் அங்கிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். அதிர்வு அங்கே எதையும் உடைக்கவில்லை. இரண்டரை மணி நேரம் போலக் கழித்து வந்த கடல், பம்பு அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது, மற்றொன்று பராமரிப்புக்காக ஏற்கெனவே நின்றிருந்தது. புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஈனுலையின் (எரிக்கும்போதே புதிய எரிபொருளையும் உண்டாக்கும் உலை) அடித்தளக் குழி நீரில் மூழ்கியது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின.

தூரத்து நிலநடுக்கம் ஓர் அணுமின் நிலையத்தைத் தொடும் வழி பெரும்பாலும் இதுதான்: தண்ணீர், மின்சாரம். அதிர்வு வழியில் களைத்துவிடும். சுனாமி களைக்காமல் வரும், மின்கம்பி எங்கோ அறுந்தால் இங்கே இருட்டாகும். உங்கள் நிலையத்தைப் பற்றி இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, டீசல் ஜெனரேட்டர்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன, எல்லாம் ஒரே இடத்திலா, எல்லாமே நின்றுவிட்டால் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது.

கேள்வி: நான் டிப்ளமோ இயந்திரவியல் படிக்கிறேன். சூடாகும்போது குழாய் நீளும், அதற்கு இடம் விட வேண்டும் என்று படித்தேன். இடம் விட்டால் நிலநடுக்கத்தில் ஆடி உடையாதா? இறுக்கிப் பிடித்தால் சூட்டில் வளைந்துவிடாதா?

பதில்: தம்பி, என் வாழ்க்கையில் பாதி இந்தக் கேள்வியில் போயிற்று. இதற்காகவே ஸ்னப்பர் என்று ஒரு கருவி இருக்கிறது. காரில் சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்துப் பார், வரும். வெடுக்கென்று இழு, பிடித்துக்கொள்ளும். ஸ்னப்பரும் அப்படித்தான். ஒரு தலை குழாயில், ஒரு தலை சுவரில். குழாய் மெதுவாக நீண்டால் வழிவிடும், தரை உதறினால் அந்தக் கணத்திலேயே இறுகிக் கம்பியாகிவிடும். எண்ணெயில் இயங்குவதும் உண்டு, முழுக்க இயந்திர உறுப்புகளால் ஆனதும் உண்டு. எண்ணெய் வகையில் கசிவுதான் எதிரி. கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். குழாயின் பின்பக்கம் கண்ணாடியை நீட்டி, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஆனால் குழாயைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தவை மின் பலகைகள். ஆளுயர இரும்பு அலமாரிகள், உள்ளே ரிலேக்கள். நாலு போல்ட்டு தரையோடு பிடித்திருக்க வேண்டும். ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், வரிசையாக எல்லாப் பலகைகளுக்கும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. மண்டியிட்டு ஒவ்வொரு நட்டாகக் கை வைத்துக்கொண்டே போனேன். ஏழாவதோ எட்டாவதோ பலகையில், சுவர்ப்பக்கத்து நட்டு விரலுக்கே சுழன்றது. பெயிண்ட் தோல் ‘பட்’டென்று விட்டது. பராமரிப்புக்காகக் கழற்றியவர்கள் கையால் திருகிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதன்மேல் பெயிண்ட் ஏறியிருக்கிறது. அதற்கு இரண்டடி தள்ளி, சக்கரம் வைத்த ஒரு கருவி வண்டி சங்கிலி போடாமல் நின்றது. தரை ஆடினால் அது நேராகப் போய்ப் பலகையில்தான் மோதும். வரைபடத்தில் எல்லாமே சரியாக இருந்த நிலையம் அது. அன்று மாலைக்குள் எல்லா நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினோம், வண்டிக்குச் சங்கிலி போட்டோம்.

படித்து முடித்து நீ இந்த வேலைக்கு வந்தால், கண்ணால் பார்த்து டிக் அடிக்காதே. கை வை.

கேள்வி: அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா? நிலநடுக்கம் உணர்ந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா?

பதில்: அயோடின் மாத்திரை காப்பது தைராய்டு சுரப்பியை மட்டும். நல்ல அயோடினால் அதை நிரப்பிவிட்டால் கதிரியக்க அயோடின் உள்ளே போக இடமிருக்காது. சீசியம் போன்ற மற்றக் கதிரியக்கப் பொருள்களுக்கு அது எதுவும் செய்யாது. கதிரியக்கம் வந்து சேரும் நேரத்தை ஒட்டிச் சாப்பிட்டால்தான் பலன், அதனால் சொல்லும்போதுதான் சாப்பிட வேண்டும். முதலில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு. 2011-ல் சீனாவில் அயோடின் உப்புக்காகக் கடைகளை மொய்த்தார்கள். அந்த அளவு அயோடின் உப்பில் கிடையாது, அவ்வளவு உப்பை யாராலும் சாப்பிடவும் முடியாது.

கிளம்புவதைப் பற்றி: 700 கிலோமீட்டர் தூரத்து அதிர்வுக்குக் கிளம்ப வேண்டாம். கடற்கரையில் இருந்தால் மட்டும், சுனாமி எச்சரிக்கை வந்ததும், உலையை மறந்துவிட்டு மேட்டுக்குப் போங்கள். உண்மையிலேயே அணு அவசரநிலை என்று அறிவித்தால், முதல் சில மணி நேரம் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பது பல சமயம் சாலை நெரிசலில் காருக்குள் இருப்பதைவிட நல்லது.

இந்த அறிவுரைக்கும் ஓர் ஓட்டை இருக்கிறது. 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் நிலநடுக்கம். அங்கே ஷிகா அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் 2011 முதல் ஓடாமல்தான் நின்றன. மின்மாற்றிகளிலிருந்து எண்ணெய் கசிந்தது, வெளி மின்கம்பிகளில் சில பயன்படாமல் போயின. ஆனால் வெளியேறும் சாலைகள் பிளந்து கிடந்தன, கதவடைத்துக்கொண்டு உள்ளே இருக்கச் சொன்ன வீடுகளே விழுந்து கிடந்தன. கதிர்வீச்சு அளக்கும் கருவிகள் சிலவற்றிலிருந்து தகவலும் வரவில்லை. உலைகள் ஓடிக்கொண்டிருந்தால் அந்த மக்கள் எங்கே போயிருப்பார்கள்? நிலநடுக்கமும் அணு அவசரநிலையும் ஒன்றாக வரும் நாளுக்கான வெளியேற்றத் திட்டம் உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா, இரண்டாவது சாலை எது என்று கேட்டு வாங்குங்கள். அது கார் சாவியைவிட முக்கியம்.

கேள்வி: நீங்களே அங்கே சம்பளம் வாங்கியவர். உங்கள் பேச்சை எப்படி நம்புவது?

பதில்: கேட்டதற்கு நன்றி. என் பேச்சை நம்ப வேண்டாம். நான் மேலே சொன்ன கேள்விகளை நிலையத்திடமும் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்பதால் என்ன ஆகும் என்பதற்கு நான் கண்ட சான்று ஒன்றைச் சொல்கிறேன்.

காஷிவசாகி-கரிவா பற்றிச் சொன்னேன் இல்லையா? ஏழு உலைகள், உலகிலேயே பெரிய அணுமின் நிலையம். ஃபுகுஷிமாவை நடத்திய அதே டெப்கோவுடையது. 2007 ஜூலை 16 காலை நிலநடுக்கம் வந்தபோது ஓடிய உலைகள் ஒழுங்காக நின்றன. ஆனால் மூன்றாவது உலைக்கு வெளியே ஒரு மின்மாற்றி தீப்பிடித்தது. கரும்புகை எழுவதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அணைக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. தீயணைப்பு நிலையத்துக்கு நேரடித் தொலைபேசி இருந்த அறையின் கதவுச் சட்டம் நிலநடுக்கத்தில் கோணிப்போய், கதவைத் திறக்க முடியவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்து உலையைக் கட்டியவர்கள், அவசரத்துக்குக் கூடும் அறையைச் சாதாரண அலுவலகக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள்.

மக்களும் உள்ளூர் நிர்வாகமும் விடவில்லை. அந்தக் கதவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதன் விளைவாக டெப்கோ தன் நிலையங்களில், அடியில் ரப்பர்த் தாங்கிகள் வைத்து, தரை ஆடினாலும் தான் அதிகம் ஆடாத தனி அவசரக் கட்டடங்களைக் கட்டியது. பிறகு விபத்து நடந்த ஃபுகுஷிமா தாய்ச்சி நிலையத்தில் அப்படி ஒரு கட்டடம் 2010 ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்தது. எட்டு மாதம் கழித்து, மூன்று உலைகள் உருகிக்கொண்டிருந்தபோது, நிலையத் தலைவர் மசாவ் யோஷிதாவும் நூற்றுக்கணக்கான ஊழியர்களும் அந்தக் கட்டடத்துக்குள் இருந்துதான், தரையில் படுத்து எழுந்து, உலைகளுக்குத் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.